வானிலிருந்து கல் விழுந்ததாம்

தமிழில் ‘ஆம்’ என்றோர் ஒட்டு உண்டு. ‘மழை பெய்தது’ என்பது கண்டவர் கூற்று. ‘மழை பெய்ததாம்’ என்பது கேட்டவர் கூற்று. செய்திக்கு நாம் பொறுப்பல்ல, சொன்னவர் எவரோ அவரே பொறுப்பு என்று விலகி நின்றுகொள்வதற்கு இச்சிறு ஒட்டைப் போல் உதவுவது வேறொன்று இல்லை. சர்க்கார் காகிதங்களை ஆங்கிலத்தினின்று தமிழுக்குப் பெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்கு இதன் அருமை நாள்தோறும் புலப்படுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு ஈடான ஒட்டு இல்லை. ‘சொல்லப்படும்’ என்று தனிச் சொல் பெய்தே எழுத வேண்டியிருக்கிறது. அந்தச் ‘சொல்லப்படும்’ என்னும் சொல் ஒரு விஞ்ஞானக் கட்டுரையின் தலைப்பில் வந்து அமர்ந்ததும், ஒன்றரை ஆண்டுக்குள் தேவையற்றதாகிப் போனதுமான வரலாற்றை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

1802ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் லண்டன் ராயல் சொசைட்டியின் முன் அக்கட்டுரை வாசிக்கப்பட்டது. எழுதியவர் எட்வர்டு ஹோவர்டு என்னும் இளம் ரசாயன நிபுணர். பற்பல காலங்களில் பூமியின்மீது விழுந்ததாகச் சொல்லப்படும் கற்களையும் உலோகங்களையும் தாம் சோதித்துக் கண்டவற்றை அதில் அவர் விவரித்தார். ‘விழுந்த கற்கள்’ என்று எழுத அவருக்குத் துணிவில்லை. அக்காலத்து அறிஞர் கூட்டத்தில் அப்படி எழுதுவது தம் பெயருக்கு இழுக்குத் தேடிக்கொள்வதாகவே முடிந்திருக்கும். அவர் சோதித்த கற்களுள் தலையாயவை நம் காசி நகரத்திற்கு அருகே, கோமதி நதிக்கரையில் உள்ள ஒரு சிற்றூரின் வயல்களில் பொறுக்கப்பட்டவை.

காசிக்குச் செல்லுமுன் சில பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நலம். இரவில் வானத்தில் ஒரு கோடு போல் மின்னி மறைவதை எரிநட்சத்திரம் என்கிறோம். அதைக் கண்டால் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது பெரும்பாலும் மணல் பருக்கையளவான துகள். காற்றில் புகுந்த வேகத்திலேயே எரிந்து தீர்ந்துவிடும். சுக்கிரனைக் காட்டிலும் பேரொளியோடு, தீப்பந்து போல் வருவதை எரிகொள்ளி எனலாம். அந்த எரிகொள்ளியில் எரியாமல் எஞ்சித் தரையை வந்தடையும் துண்டே விண்கல். நாட்கணக்கில் வானத்தில் நிற்கும் வால்நட்சத்திரம் வேறு. நம் முன்னோர் இவற்றைக் காணாதவர் அல்லர். வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் உல்கைகளுக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கி அவற்றை ஐவகையாகப் பிரித்துள்ளார். அவற்றுள் ‘அசனி’ என்பது பேரோசையுடன் மனிதர்மீதும் விலங்குகள்மீதும் வீடுகள்மீதும் மரங்கள்மீதும் விழுந்து நிலத்தைப் பிளப்பது. இடியையும் விண்கல்லையும் ஒரே பெயரால் வழங்கிய குழப்பம் இதில் இருக்கலாம். அந்தக் குழப்பம் உலகமெங்கும் இருந்தது. அதனால் விளைந்த தொல்லையைப் பின்னர்க் காண்போம்.

ஐரோப்பாவில் விழும்போதே கண்டு, நாளும் குறிக்கப்பட்டு, இன்றும் கண்ணால் காணும்படி எஞ்சியிருக்கும் பழைய கல் என்சிசைம் என்னும் ஊரில் இருக்கிறது. இன்றைய பிரான்சின் அல்சேஸ் பகுதியிலுள்ள ஊர் அது. 1492 நவம்பர் 7ஆம் நாள், நண்பகலுக்குச் சற்று முன், பேரிடி போன்ற ஓசையுடன் ஒரு கோதுமை வயலில் கல் விழுந்தது. விழக் கண்டவன் ஒரு சிறுவன். அவன் சொல்லை ஊரார் நம்பினர். திரளாக ஓடிச் சென்று ஆளுக்கொரு சில்லாக உடைத்து எடுக்கவும் தலைப்பட்டனர். அதிகாரி வந்து தடுத்திராவிட்டால் கல் முழுவதுமே சில்லுகளாகப் போயிருக்கும். மூன்று வாரத்திற்குள் அவ்வழியே வந்த மன்னர் மாக்சிமிலியன், பிரான்சுடன் தாம் தொடுத்திருந்த போருக்கு இது நற்சகுனம் என்று கொண்டு, இரண்டு துண்டுகளை எடுத்துக்கொண்டு, எஞ்சியதை மாதாகோவிலில் வைத்துக் காக்கும்படி ஆணையிட்டார். பாசல் நகரத்துக் கவி செபாஸ்டியன் பிராண்ட் அந்நிகழ்ச்சியைப் பாட்டாக எழுதிப் படத்துடன் அச்சிட்டுப் பரப்பினார். விழுந்தபோது சுமார் 127 கிலோ எடையிருந்த கல்லில் பாதிக்கும் குறைவே இன்று எஞ்சியுள்ளது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 15ஆம் நூற்றாண்டில் கல் விழுந்ததா என்ற ஐயம் எவருக்கும் எழவில்லை. ஏன் விழுந்தது, யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்பதே கேள்வி. ஐயம் என்பது பின்னர் வந்தது. அதுவும் அறிவு வளர்ந்த காலத்தில் வந்தது என்பதுதான் வியப்பு.

அடுத்த சாட்சி நம் நாட்டவர். அதுவும் சாமானியரல்லர், மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர். தம் ஆட்சியின் வரலாற்றைத் தாமே எழுதி வைத்தவர் அவர். மிருகங்கள், பறவைகள், மரங்கள், விசித்திரங்கள் எதைக் கண்டாலும் அளந்து, நிறுத்து, எழுதிவைக்கும் வழக்கம் அவருக்கு உண்டு. 1621 ஏப்ரலில், ஜாலந்தர் பர்கணாவிலுள்ள ஒரு கிராமத்தில் காலை வேளையில் கிழக்கிலிருந்து பயங்கரமான ஓசை எழுந்தது. கேட்டவர்கள் உயிர்போனாற்போல் நடுங்கினர். அவ்வோசையினிடையே ஒளிமிக்க ஏதோ ஒன்று மேலிருந்து தரையில் விழுந்தது என்று அவர் எழுதுகிறார்.

கிராமத்தார் செய்ததைப் பாருங்கள். நடுக்கம் தெளிந்ததும் விரைந்தோடக் கூடிய ஒருவனைப் பர்கணாவின் ஆமிலிடம் அனுப்பினார்கள். ஆமில் என்பவர் வரி வசூல் அதிகாரி. முகம்மது சையது என்னும் அந்த ஆமில் செய்தியைக் கேட்டு நகைக்கவும் இல்லை, வேறொருவனை அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவும் இல்லை. குதிரையேறித் தாமே சென்றார். நீளத்திலும் அகலத்திலும் பத்துப் பன்னிரண்டு கஜம் அளவு நிலம் புல் பூண்டின்றிக் கருகியிருந்ததாம். தோண்டச் சொன்னார். தோண்டத் தோண்ட வெப்பம் மிகுந்தது. இறுதியில் உலைக்களத்தினின்று எடுத்தாற்போன்ற இரும்புக் கட்டி ஒன்று அகப்பட்டது. ஆறியபின் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று, பையிலிட்டு, முத்திரை வைத்து அரண்மனைக்கு அனுப்பினார். அரசர் தம் கண்முன் நிறுக்கச் செய்தார். 160 தோலா இருந்தது. இன்றைய அளவில் ஏறத்தாழ இரண்டு கிலோ.

உஸ்தாத் தாவூது என்னும் கொல்லரை அழைத்து, இவ்விரும்பால் ஒரு வாளும் ஒரு குத்துவாளும் ஒரு கத்தியும் செய்யப் பணித்தார் அரசர். சம்மட்டி அடிக்கு அது நிற்கவில்லை, உதிர்ந்து போகிறது என்று கொல்லர் விண்ணப்பித்தார். இரும்பில் கந்தகம் சேர்ந்திருந்தால் பழுக்கக் காய்ச்சி அடிக்கும்போது உதிர்வது இயல்பு. விண்ணிலிருந்து வரும் இரும்பில் கந்தகக் கலப்பு அடிக்கடி காணப்படுவது. அப்படியானால் வேறு இரும்பைக் கலந்து செய் என்றார் அரசர். மூன்று பங்கு மின்னல் இரும்பும் ஒரு பங்கு சாதாரண இரும்பும் கலந்து இரண்டு வாள்களும் ஒரு குத்துவாளும் ஒரு கத்தியும் செய்து முடித்தார் தாவூது. ஏமன் நாட்டு வாள்களைப் போலவும் தென்னாட்டு வாள்களைப் போலவும் அவை வளைத்தால் வளைந்து, விட்டால் நிமிர்ந்தன என்று அரசர் மகிழ்ந்தெழுதுகிறார். தென்னாட்டு எஃகு அந்நாளில் டில்லிக்கும் ஆக்ராவுக்கும் ஓர் அளவுகோலாக இருந்தது என்பதற்கு இவ்வரியும் ஒரு சான்று. வாள்களுள் ஒன்றுக்கு வெட்டும் வாள் என்றும் மற்றொன்றுக்கு மின்னல் இயல்புடையது என்றும் பாரசீகத்தில் பெயரிட்டார். வாள்கள் போன இடம் எதுவாயினும் ஆகுக, கத்தி பிழைத்திருக்கிறது. கடல் கடந்து, வாஷிங்டன் நகரத்து ஃப்ரீயர் கலைக்கூடத்தை 1955இல் சென்றடைந்தது.

இந்தச் சாட்சியத்தில் எல்லாவற்றையும் அப்படியே கொள்ளலாகாது. விண்கல் வினாடிக்கு 11 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் காற்றில் புகுகிறது. அதன் மேற்பரப்பு உருகி ஒளிவிடுவது சில வினாடி நேரமே. தரைக்குப் பல கிலோமீட்டர் உயரத்திலேயே வேகம் அடங்கி ஒளி அணைந்துவிடுகிறது. அதன்பின் எறிந்த கல்லைப் போல் இருட்டில் விழுகிறது. வானவெளியின் குளிர் கல்லின் உள்ளே அப்படியே இருக்கிறது. ஆகவே இத்தகைய சிறு கட்டி நிலத்தைக் கருக்கியதும், தோண்டத் தோண்டக் கொதித்ததும் ஐயத்திற்குரியவை. தீ விழுந்தது என்று கண் சொன்னபின் கை அதற்கேற்பச் சூட்டை உணர்ந்திருக்கலாம். அல்லது செய்தி ஜாலந்தரிலிருந்து அரசவைக்குப் போகும் வழியில் சூடேறியிருக்கலாம். ஆயினும் ஓசை, ஒளி, விழுந்த பொருள், அதன் எடை, அதன் உலோக இயல்பு ஆகியவற்றில் கிராமத்தாரும் ஆமிலும் கொல்லரும் அரசரும் சொன்னது முற்றிலும் ஒப்புக்கொள்ளத்தக்கது. ஒரு சாட்சி ஓரிடத்தில் மிகைப்படுத்தினார் என்பதற்காக அவர் சொன்னதனைத்தையும் தள்ளிவிடுவது நியாயாதிபதியின் செயல் அன்று. அடுத்த நூற்றாண்டின் ஐரோப்பிய அறிஞர்கள் செய்தது அதைத்தான்.

18ஆம் நூற்றாண்டு நியூட்டனின் கணக்கு ஆட்சி செலுத்திய காலம். சந்திரனுக்கும் கிரகங்களுக்கும் இடையே உள்ளது வெற்றிடம். அங்கே சிறு கற்கள் திரிவதற்கு இடமில்லை என்று கருதப்பட்டது. ஆகையால் எரிகொள்ளியைக் கண்டவர்கள் அதைக் காற்றுமண்டலத்துக்குள் நிகழும் ஏதோ ஒரு தீப்பற்றுதல் என்றும், மின்சாரம் என்றும் விளக்கினர். 1719 மார்ச்சில் இங்கிலாந்தில் தோன்றிய பெரும் எரிகொள்ளியைப் பற்றிப் பல ஊர்களிலிருந்து வந்த செய்திகளைத் திரட்டிய எட்மண்டு ஹாலி, அது 60 மைலுக்கு மேற்பட்ட உயரத்தில் சென்றதாகக் கணக்கிட்டார். 1783 ஆகஸ்டு 18 இரவு வந்த மற்றொன்றை வின்சர் கோட்டை மாடியிலிருந்து கண்ட கூட்டத்தில் காவல்லோ என்னும் விஞ்ஞானி இருந்தார். உயரமும் வேகமும் கணக்கிடப்பட்டன. எரிகொள்ளி உண்மை என்பதில் எவருக்கும் மறுப்பில்லை, கண்டவர்கள் கனவான்களாயிற்றே! கல் விழுந்தது என்பதில்தான் மறுப்பு. கல் விழக் கண்டவர்கள் பெரும்பாலும் உழவர், மேய்ப்பர், கூலியாட்கள்.

1768 செப்டம்பரில் பிரான்சில் லூசே என்னும் ஊரருகே அறுவடை செய்துகொண்டிருந்த சிலர், இடியோசைக்குப் பின் ஒரு கல் தரையில் விழக் கண்டனர். ஒரு பாதிரியார் அதைப் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்கு அனுப்பினார். சோதித்த மூவருள் ஒருவர் பிற்காலத்தில் நவீன ரசாயனத்தின் தந்தை எனப் போற்றப்பட்ட லவாசியே. தரையில் முன்பே கிடந்த, கந்தகமும் இரும்பும் செறிந்த மணற்கல்லின்மீது இடி விழுந்திருக்கிறது, அவ்வளவே என்று அவர்கள் முடிவு கூறினர். லவாசியேயைப் பழிப்பது நம் நோக்கமன்று. கையிலிருந்தது ஒரே கல்; அவர் அறிந்த ரசாயன முறை இரும்பை இரும்பென்றது, கந்தகத்தைக் கந்தகமென்றது. இவ்விரண்டும் பூமியில் இல்லாத பொருள்களா? இடியும் விண்கல்லும் ஒரே பெயருடன் வழங்கிய பழங்குழப்பமும் இங்கே கைகொடுத்தது. ஆனால் கண்டவர் சொல்லை அவர் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை என்பது மட்டும் உண்மை. 1790 ஜூலையில் தென்மேற்குப் பிரான்சில் பார்போத்தான் என்னுமிடத்தில் கல்மாரி பொழிந்தது. ஊராட்சியார் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் சாட்சியத்துடன் பத்திரம் எழுதி அனுப்பினர். ஒரு முழு ஊராட்சி இப்படியொரு கட்டுக்கதைக்குச் சான்றளிக்கிறதே என்று அறிஞர் ஒருவர் அச்சிலேயே இரங்கினார்.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதல்வர் எர்ன்ஸ்டு கிளாட்னி என்னும் ஜெர்மானியர். ஒலியியலில் பெயர் பெற்றவர். ஆனால் கல்லூரியில் அவர் முறையாகக் கற்றது சட்டம். இதைத் தற்செயல் என்று நாம் ஒதுக்க மாட்டோம். பழைய நூல்களில் சிதறிக் கிடந்த எரிகொள்ளிச் செய்திகளையும் கல்வீழ்ச்சிச் செய்திகளையும் திரட்டி, வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு காலத்தில், ஒருவரையொருவர் அறியாத சாட்சிகள் எங்ஙனம் ஒரே விதமாகப் பேசுகிறார்கள் என்று வழக்குமன்றத்தில் ஆராய்வதுபோல் ஆராய்ந்தார். சைபீரியாவில் கிடைத்த பெரும் இரும்புக் கட்டி ஒன்றையும் சான்றாகக் காட்டி, எரிகொள்ளியும் விண்கல்லும் ஒன்றே, அவை வானவெளியினின்று வருபவை என்று 1794இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பலர் நகைத்தனர்.

நகைப்பு அடங்குமுன் கற்கள் விழத் தொடங்கின. அதே 1794 ஜூன் 16இல் இத்தாலியின் சியனா நகரருகே கல்மாரி. அதற்குப் பதினெட்டு மணி நேரம் முன்புதான் வெசூவியஸ் எரிமலை பொங்கியிருந்தது. ஆகவே எரிமலைக் கல்லாக இருக்கலாம் என்று ஒரு சமாதானம் கிடைத்தது. 1795 டிசம்பர் 13இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 56 பவுண்டு எடையுள்ள கல் ஒன்று ஓர் உழவுத் தொழிலாளிக்குச் சில கஜ தூரத்தில் விழுந்தது. நிலத்தின் சொந்தக்காரர் டோப்பம், மாஜிஸ்டிரேட்டாகவும் இருந்தவர். கண்டவர்களிடம் பிரமாண வாக்குமூலம் வாங்கி வைத்தார். அக்கல்லை லண்டனுக்குக் கொண்டுபோய் ஒரு ஷில்லிங் கட்டணத்துக்குக் காட்டியதால் அவர் பேச்சின் மதிப்புக் குறைந்ததா கூடியதா என்று சொல்ல முடியவில்லை. இங்கிலாந்தில் எரிமலை இல்லை. இருந்தும் ஒரே ஒரு கல்தானே என்று ஐயம் நின்றது.

இப்போது காசிக்கு வருவோம்.

1798 டிசம்பர் 19, இரவு எட்டு மணி. மார்கழிக் குளிர். அம்மாதம் 11ஆம் நாள் முதல் வானத்தில் மேகத்தின் சுவடே இல்லை. காசியிலும் ஜவுன்பூரிலும் சுற்றுப்புறத்திலும் இருந்தவர்கள் மேற்கு வானில் ஒரு பெரிய நெருப்புப் பந்தைக் கண்டார்கள். ஜவுன்பூரிலிருந்த ஐரோப்பியர், துப்பாக்கிப் படை ஒன்று ஒழுங்கின்றி வெடி தீர்த்தாற்போல் இருந்தது ஓசை என்றனர். காசியில் ஜில்லா நீதிபதியாகவும் மாஜிஸ்டிரேட்டாகவும் இருந்த சாமுவேல் டேவிஸ் தம் அறையில் இருந்தார். கண்ணாடி ஜன்னல் வழியே புகுந்த ஒளி, ஜன்னல் சட்டங்களின் நிழலைக் கரிய கம்பளத்தின்மீது தெளிவாக வரைந்து காட்டியதை அவர் கவனித்தார். முழுநிலவின் ஒளிக்கு அது குறையவில்லை என்று மதிப்பிட்டார். நிழலைக் கொண்டு ஒளியை அளக்கும் இந்த மனிதர் வானசாஸ்திரம் பயின்றவர். சூரிய சித்தாந்தத்தை ஆராய்ந்து, இந்தியரின் கிரகணக் கணித முறையை ஆங்கிலத்தில் முதன்முதல் விளக்கி எழுதியவர்களுள் ஒருவர்.

கற்கள் விழுந்தன என்ற செய்தி காசிக்கு எட்டியது. டேவிஸ் அறிவுள்ள ஓர் ஆளை அனுப்பினார். லக்னோ, ஜவுன்பூர் வழியே வந்து காசிக்குக் கீழே கங்கையில் கலக்கும் கோமதியின் வடகரையில், காசியிலிருந்து 14 மைல் தூரத்தில் இருந்தது அவ்வூர். ஆங்கிலேயர் அதை கிராக்கூட் என்று எழுதிவைத்தனர். ஊரார் சொன்னது இது: வீடுகளுக்குள் அடங்கியிருந்த நேரத்தில் பேரொளி தோன்றியது, இடி முழங்கியது, உடனே கனத்த பொருள்கள் அக்கம்பக்கத்தில் விழும் ஓசை கேட்டது. தெய்வத்தின் செயலோ என்று அஞ்சி அவ்விரவு எவரும் வெளியே வரவில்லை. பொழுது விடிந்து வயலுக்குப் போனபோது அங்கங்கே மண் புதிதாகப் புரண்டிருந்தது. கிளறினால் கல். கிடைத்தவற்றை உடைத்துவிட்டோம், தாசில்தாருக்கும் பிறருக்கும் கொடுத்துவிட்டோம். வேண்டுமானால் வயலில் போய்த் தேடுங்கள், பயிர் இரண்டு மூன்று அங்குலமே வளர்ந்திருக்கிறது, மண் புரண்ட இடம் எளிதில் தெரியும் என்றார்கள். அவர்கள் சொன்னபடியே தேடியதில் நான்கு கற்கள் அகப்பட்டன. ஒன்றுக்கொன்று சுமார் நூறு கஜ இடைவெளி. ஈர நிலத்தில் ஆறங்குல ஆழம். போனவர் அந்த ஆழத்தை அளந்துகொண்டே வந்தார்.

நமக்கு இங்கே பெருமிதம் உண்டாவதை மறைப்பானேன்? தெய்வமோ என்று இரவில் அஞ்சிய அதே மக்கள், மறுநாள் எங்கே தேடுவது, எதைப் பார்த்துத் தேடுவது என்று ஒரு புலமையாளர் சொல்வதுபோல் சொல்லிவிட்டார்கள். அச்சம் வேறு, கண்ணின் கூர்மை வேறு.

சாட்சியம் இத்துடன் நிற்கவில்லை. கலெக்டரின் உதவியாளர் எர்ஸ்கின் தனியே ஓர் ஆளை அனுப்பினார். அவரும் கற்களோடு வந்து அதே செய்தியைச் சொன்னார். அவ்வட்டாரத்துக் காஜி தனியே விசாரித்துக் கையெழுத்தும் முத்திரையும் இட்டு உறுதிமொழி அளித்தார். அவ்வூரருகே குடியிருந்த மற்றோர் ஐரோப்பியரிடம் காவல் செய்த சௌக்கிதார், மறுநாள் காலை உடைந்த கல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அது தம் குடிசைக் கூரையைத் துளைத்துக்கொண்டு விழுந்து, கெட்டியான மண் தரையில் சில அங்குலம் புதைந்தது என்றார். உடையுமுன் அதன் எடை இரண்டு பவுண்டுக்கு மேலிருக்கும்.

இவற்றையெல்லாம் தொகுத்து எழுதியவர் காசியில் இருந்த ஜான் லாயிடு வில்லியம்ஸ். அவர் கண்ட கற்கள் எட்டு ஏறக்குறைய முழுமையானவை. மேலே மெருகிட்டாற்போன்ற கரிய தோடு. உள்ளே வெண்மை கலந்த சாம்பல் நிறம், அதில் சிறு உருண்டைகள், மின்னும் உலோகப் பொடி. இந்தியப் பெருநிலத்தில் எரிமலை இல்லை என்பதையும், இத்தகைய கல் அப்பகுதி நிலத்தில் வேறெங்கும் அகப்பட்டதில்லை என்பதையும் அவர் சேர்த்துக்கொண்டார். இடி என்பார் வாயை மேகமற்ற வானமும், எரிமலை என்பார் வாயை இந்த வாக்கியமும் அடைத்துவிட்டன.

டேவிசின் வாழ்வில் அடுத்த மாதமே பெரும் ஆபத்து வந்தது என்பதைக் குறிப்பிடாமல் விட மனமில்லை. அவுதின் நவாபு பதவியிலிருந்து நீக்கப்பட்டுக் காசியில் வைக்கப்பட்டிருந்த வசீர் அலி, 1799 ஜனவரி 14 காலை கிளர்ந்தெழுந்து, ஆங்கிலேய அதிகாரி செர்ரியையும் வேறு சிலரையும் கொன்றுவிட்டு டேவிசின் வீட்டை நோக்கி வந்தார். டேவிஸ் மனைவி மக்களை மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டு, குறுகிய படிக்கட்டின் உச்சியில் ஈட்டியுடன் நின்று, குதிரைப்படை வரும்வரை தனியொருவராகத் தடுத்தார். அப்படியொரு கலகத்தினிடையிலும் கல் பற்றிய செய்தி அழியாமல் லண்டன் சேர்ந்தது நம் நல்லூழ்.

லண்டனில் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸ், கற்களை ஹோவர்டிடம் கொடுத்தார். காசிக் கல், சியனாக் கல், யார்க்‌ஷயர்க் கல், பொஹீமியாவில் 1753இல் விழுந்த கல் ஆகிய நான்கும் ஒரே மேசைக்கு வந்தன. பிரெஞ்சுப் புரட்சியால் நாடிழந்து லண்டனில் வாழ்ந்த பூர்னோன் என்னும் பிரபு கற்களை உடைத்து, உருண்டைகள், உலோகப் பொடி, கந்தக இரும்பு, இவற்றைப் பிணைக்கும் மண் போன்ற பொருள் என்று நால்வகையாகப் பொறுக்கிக் கொடுத்தார். லவாசியே முதலியோர் கல்லை மொத்தமாக அரைத்துச் சோதித்தனர். ஹோவர்டு ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தார். நான்கு கற்களின் இரும்பிலும் நிக்கல் இருந்தது. விண்ணிலிருந்து வந்ததாகக் கருதப்பட்ட பழைய இரும்புக் கட்டிகளிலும் அதே நிக்கல். ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில், மொழியோ மதமோ ஒன்றாக இல்லாத மக்கள் கண்ணெதிரே விழுந்த கற்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தன; அவை கிடந்த மண்ணை ஒத்திருக்கவில்லை.

ஐயம் கொண்டிருந்தோர் பலர் மனம் மாறினர். அடுத்த ஆண்டு, 1803 ஏப்ரல் 26இல், பிரான்சின் லேகிள் நகரருகே பட்டப்பகலில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கற்கள் பொழிந்தன. சர்க்கார் அனுப்பிய இளம் விஞ்ஞானி பியோ ஊரூராக நடந்து உழவர்களையும் தொழிலாளிகளையும் பாதிரிமார்களையும் கேட்டெழுதி, கற்கள் கிடந்த நிலப்பரப்பைப் படமாக வரைந்தார். அவருடைய அறிக்கையின் தலைப்பிலே ‘சொல்லப்படும்’ இல்லை. நிகழ்ச்சியின் உண்மையை நிலைநாட்டச் சென்ற பயணம் என்றே அது பெயர் பெற்றது. ‘விழுந்ததாம்’ ‘விழுந்தது’ ஆயிற்று.

இக்கற்கள் பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சுற்றும் சிறுகோள்களின் உடைசல்கள். பூர்னோன் பொறுக்கிய அச்சிறு உருண்டைகள் சூரியமண்டலம் உருவான காலத்தில், 450 கோடி ஆண்டுகளுக்கு முன், உருகித் துளியாக உறைந்தவை. ஆயினும் எல்லாம் சிறுகோளின் துண்டுகள் அல்ல. பீகாரில் ஷேர்காட்டி என்னுமிடத்தில் 1865 ஆகஸ்டு 25இல் விழுந்த கல் செவ்வாய்க் கிரகத்தினின்று வந்தது என்று 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டனர். அவ்வகைக் கற்களுக்கே ஷேர்காட்டியின் பெயர் வழங்குகிறது. நம் தமிழ்நாட்டிலும் மதுரைப் பக்கம் பர்ணாலி என்று பதிவான இடத்தில் 1857 பிப்ரவரி 28இல் இரண்டு கற்கள் விழுந்தன. கொல்கத்தாவில் வாழும் நேயர்கள் ஒரு விடுமுறை நாளில் இந்தியன் மியூசியத்தின் நிலவியல் கூடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால், நம் நாட்டில் விழுந்த விண்கற்களை நேரில் காட்டலாம்.

காசியில் அனுமான் கட்டத்தைச் சுற்றித் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களில் எவரேனும் அந்த 1798 மார்கழி இரவில் படித்துறையில் நின்று மேற்கே பார்த்திருப்பார்களோ என்று எண்ணிப் பார்த்ததுண்டு. எழுத்தில் எஞ்சியவை சில பெயர்களே. ஹோவர்டின் கட்டுரையில் டேவிசின் பெயர் இருக்கிறது. எர்ஸ்கினின் பெயர், வில்லியம்சின் பெயர் இருக்கின்றன. டேவிஸ் அனுப்பிய ஆள் ‘அறிவுள்ள ஒருவர்’ என்று மட்டும் குறிக்கப்படுகிறார். கூரையைத் துளைத்துவந்த கல்லை மறுநாள் காலை கையில் எடுத்துக்கொண்டு போனவர் அங்கே வெறும் ‘காவற்காரர்’.